மேல்படுக்கையில் இடமில்லை

வெர்னாவுக்கு அந்த வண்டியில் தன்னுடையதென்று சொல்லிக்கொள்ள ஓர் இழுப்பறை இருந்தது. அதிலும் பாதியைக் கணவன் டெல்பர்ட் தன் டார்ச் விளக்குகளுக்கு எடுத்துக்கொண்டிருந்தான். மிச்சப் பாதிக்குள் அவளுடைய உள்ளாடை, முழங்கால் தைலம், படிக்கிற கண்ணாடி, அம்மாவின் புகைப்படம். புகைப்படத்துக்குச் சட்டம் கிடையாது. சட்டம் வீணாக இடத்தை அடைக்கிறது என்று அவன் கழற்றி எறிந்துவிட்டான்.

அயோவாவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள் வெர்னா. உறைபனியில் சாலை கண்ணாடியாகக் கிடக்கும்போதுகூட ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளை ஒரு கீறல் படாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவள். அப்படிப்பட்டவளை, இருவரும் ஓய்வு பெற்று வீட்டை விற்று, படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற இந்த வீட்டு வண்டியை வாங்கிய நாளிலிருந்து, டெல்பர்ட் ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை. "இது வேற மாதிரி வண்டி, உனக்கு வராது" என்பான். அவன் வாழ்நாளெல்லாம் ஒரு கிடங்கில் மேலாளர். பெட்டிமேல் பெட்டி அடுக்கச் சொன்னதைத் தவிர வேறென்ன கிழித்தான்? கேட்டால் சண்டை வரும். சண்டை போட்டுவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார அந்த வண்டிக்குள் இன்னொரு மூலை இல்லை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

குளிர்காலம் முழுக்க அவர்கள் அரிசோனாவில், குவார்ட்ஸைட் பக்கத்துப் பாலைவனத்தில் கிடப்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் வண்டிகள்தான் அங்கே ஊர். அந்த ஊரில் டெல்பர்ட்டுக்குப் பெரிய பேர். கொஞ்ச இடத்தில் நிறைய வாழ்வது எப்படி என்று நெருப்பு மூட்டி உட்காரும் இடத்திலெல்லாம் பேசுவான். உள்ளதைச் சொல்ல வேண்டும், ஆள் கெட்டிக்காரன்தான். பாத்திரம் கழுவும் தொட்டிமேல் பலகை போட்டுக் காய் நறுக்குகிற மேடையாக்கினான். கத்திகளும் திருப்புளிகளும் சுவரில் காந்தப் பட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும். மசாலாப் புட்டிகள் அலமாரிக்கு அடியில் மூடியோடு திருகித் தொங்கும். ஏறுகிற படியைத் தூக்கினால் உள்ளே செருப்பு. "ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகணும்" என்பது அவன் சட்டம். கேட்டவர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் குறித்துக்கொள்வார்கள்.

உள்ளே வந்ததெல்லாம் யாருடையது, வெளியே போனதெல்லாம் யாருடையது என்று ஒருத்தராவது கேட்டார்களா? வெர்னாவின் இரும்பு வாணலி போயிற்று. கனம் கூடினால் டீசல் குடிக்கிறதாம். தையல் மெஷின் போயிற்று. அவளே பின்னிய கம்பளிச் சட்டைகளைப் பழைய துணிக் கடையில் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னான். இரண்டு போதுமாம். பாலைவனத்து விடியற்குளிரில் அவள் அந்த இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு காப்பி போடுவாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது அந்த டிசம்பரில் வந்தது. நொரீன் போன் பண்ணினாள். வெர்னாவின் ஒரே தங்கை, வடக்கே நீடில்ஸில் ஒரு வாடகைக் கூண்டு வண்டி வீட்டில் தனியாக இருந்தவள். நிலத்துக்காரன் இடத்தை விற்றுவிட்டான், மாதம் முடிவதற்குள் காலி பண்ணச் சொல்கிறான் என்றாள்.

"வசந்தம் வர்றவரைக்கும் ஒரு மூலை குடுத்தா போதும் வெர்னா. அப்புறம் எங்கயாவது பாத்துக்கறேன். இல்லன்னா கிளைட் வீட்டுக்குத்தான் போகணும்."

கிளைட் அவளுடைய பழைய புருஷன். அவன் அடித்ததில் தாடை பெயர்ந்துதான் அவள் அந்த வீட்டை விட்டே வெளியேறினாள். இன்றைக்கும் ஆப்பிளைக் கடித்துத் தின்ன அவளால் முடியாது.

ஓட்டுகிறவர் தலைக்கு மேலே, வண்டியின் நெற்றியில் ஒரு மேல்படுக்கை உண்டு. ஏணி வைத்து ஏற வேண்டும். வெர்னாவின் முழங்கால் அதற்கு ஒத்துவராது. டெல்பர்ட்தான் அதற்குக் கதவடித்துப் பூட்டியிருந்தான்.

"அதை நொரீனுக்குக் குடுக்கலாமே" என்றாள் வெர்னா.

"பேட்டரி, தண்ணி பம்பு, வண்டிக்கு உசுரான சாமான் எல்லாம் அங்கதான் இருக்கு. ஒரு பூனைக்குட்டி படுக்கக்கூட இடமில்ல. என்னை என்ன பண்ணச் சொல்ற?"

நம்பினாள். வேறென்ன செய்வாள்? தங்கையைக் கூப்பிட்டு, "இடமில்லடி" என்றாள். "பரவால்ல, வெர்னா" என்று நொரீன் சொன்னாள். அந்தப் பரவாயில்லை அன்றிலிருந்து வெர்னாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

அந்த முகாமில் ஒரு வழக்கம் உண்டு. சில சனிக்கிழமைகளில் விருப்பமுள்ளவர்கள் வண்டிக் கதவைத் திறந்து வைப்பார்கள். மற்றவர்கள் உள்ளே வந்து, யார் எதை எங்கே அடக்கி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். கதவைத் திறந்துவிட்டால் அப்புறம் மறைப்புக் கிடையாது. வந்தவர்கள் எந்த அலமாரியையும் இழுத்துப் பார்க்கலாம், ஏன் என்று கேட்கக் கூடாது. டெல்பர்ட்டுக்கு அந்த நாள் கல்யாணம் மாதிரி. ஜனவரியில் அப்படியொரு சனிக்கிழமை வந்ததும், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். ஒரு கும்பலே வரிசையில் நின்றது.

"எதை வேணா தொறந்து பாருங்க. ஒரு அங்குலம் வீணா இருந்தா இந்த வண்டியையே உங்களுக்குக் குடுத்துடறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். புட்டிகளைத் திருகிப் பார்த்தார்கள், படியைத் தூக்கிப் பார்த்தார்கள். "உங்க புருஷன் பெரிய மூளைக்காரர்" என்று ஒருத்தி வெர்னாவிடம் சொன்னாள். வெர்னா காப்பிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வண்டி மார்வா ஏணியை எடுத்துச் சாத்தினாள். வாய்த் துடுக்குக்காரி. "இது என்ன, பூட்டுப் போட்டிருக்கு?"

"அது வெறும் பேட்டரி. சாவி எங்கயோ கிடக்கு, அப்புறமா காட்டறேன்."

"இன்னிக்குத்தானே கதவு திறக்கிற நாளு? அப்புறம் யாருக்கு வேணும்?"

டெல்பர்ட் இளித்தான். அந்த இளிப்பு வெர்னாவுக்குத் தெரியும். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால்தான் அவன் அப்படி இளிப்பான். அவள் கையைத் துடைத்தாள். காந்தப் பட்டையிலிருந்து ஒரு திருப்புளியைப் பிடுங்கி மார்வாவிடம் நீட்டினாள். மார்வா கீலைக் கழற்றினாள்.

கல். மேல்படுக்கை முழுக்கக் கல். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அவன் மலையடிவாரத்தில் பொறுக்கிய சிவப்பும் பச்சையும் கோடு போட்டதுமான கற்கள். 'ஒரு பெட்டிதான் வச்சிருக்கேன், மிச்சத்தைப் போட்டுட்டேன்' என்று அவன் சொன்ன கற்கள். ஒன்றோடொன்று உரசக் கூடாதென்று ஒவ்வொன்றையும் கம்பளியில் சுற்றி வைத்திருந்தான். வெர்னா பின்னிய கம்பளி. கைகளைத் தனியாக, கழுத்துப் பட்டையைத் தனியாக, கச்சிதமாக வெட்டியிருந்தான்.

"கல்லுக்கெல்லாம் ஸ்வெட்டர் போட்டு வச்சிருக்கியே டெல்பர்ட், ராத்திரி குளிருமோ?" என்றாள் மார்வா. யாரோ சிரித்தார்கள். வெர்னாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இது சாதாரணக் கல்லு இல்ல வெர்னா, உனக்கு இதோட அருமை தெரியாது" என்று டெல்பர்ட் ஆரம்பித்தான்.

வெர்னா கத்தவில்லை. போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டாள். ரொம்ப நேரம் அடித்த பிறகு நொரீன் எடுத்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கிளைட் வீட்டுலதான் இருக்கேன். இப்பப் பேச முடியாது. வர்றான், வச்சிடறேன்."

வெர்னா போனைச் சட்டைப் பையில் போட்டாள்.

"கல்லை இறக்கு" என்றாள்.

"எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"என்னைக் கேட்டா? இடம் கண்டுபிடிக்கிறதுல நீதானே கில்லாடி."

அவன் அசையவில்லை. மார்வா அசைந்தாள். வரிசையில் நின்றவர்கள் கைக்குக் கை மாற்றி ஒவ்வொரு கல்லாக வெளியே மணலில் இறக்கினார்கள். இறக்க இறக்க வண்டியின் முன்பக்கம் நிமிர்ந்தது. எல்லாரும் பார்க்கவே நிமிர்ந்தது. ஒரு வாணலிக்கு டீசல் கணக்குச் சொன்ன மனுஷன் இவன்.

வெர்னா வண்டி வாசலில் விரித்திருந்த துணிப் பந்தலைச் சுருட்டினாள். சக்கரக் கட்டைகளை உருவினாள். அலமாரிகளை ஒவ்வொன்றாகத் தாழிட்டு, ஆன்டெனாவை இறக்கினாள். அப்புறம் கையை நீட்டினாள்.

"சாவி."

"உனக்கு ஓட்டத் தெரியாது" என்றான், அத்தனை பேர் முன்னாலும்.

"எத்தனை பேர் பெத்த பிள்ளைங்களை நம்பி என்கிட்ட விட்டாங்கன்னு தெரியுமா உனக்கு? குடு."

கொடுத்தான். கும்பல் பார்த்துக்கொண்டிருந்ததால் கொடுத்தான்.

"ஏறுறியா?" என்று அவள் கேட்டாள். கோபத்திலும் கேட்டாள். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவள் அல்லவா?

டெல்பர்ட் மணலில் கிடந்த குவியலைப் பார்த்தான். ஆளில்லாமல் தரையில் கிடப்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்த முகாமில் எல்லாருக்கும் தெரிந்தது.

"இதை இப்படியே போட்டுட்டு எப்படி வர்றது? ஒண்ணு மிஞ்சாது" என்றான்.

மடக்கு நாற்காலியை விரித்துக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். வெர்னா ஒரு நிமிடம் அவனைப் பார்த்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள்.

வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே ஓட்டினாள். பாதி வழியில் திட்டு அவள்மேலேயே திரும்பியது. பூட்டைத் திறக்கச் சொல்லி ஏணியில் ஏறிப் பார்க்காமல் 'இடமில்லை' என்று சொன்ன வாய் யாருடையது? தவழ்ந்தாவது ஏறியிருக்கக் கூடாதா? ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினாள்.

பொழுது சாயும் நேரத்தில் கிளைட் வீட்டு வாசலை மொத்தமாக அடைத்துக்கொண்டு வண்டியை நிறுத்தி, ஹாரனில் கையை வைத்தவள் எடுக்கவில்லை. நொரீன் ஓடி வந்தாள். கன்னத்தில் கன்றிப்போன காயம், புதியது. பின்னால் வாசற்படியில் கிளைட் வந்து நின்றான்.

"என்ன வெர்னா, இடமே இல்லன்னியே?" என்றாள் நொரீன்.

"இருந்துச்சு. அப்பவும் இருந்துச்சு. நான்தான் பாக்கல."

நொரீன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஒரு பை மட்டும் எடுத்துக்கட்டா? சின்னதுதான்."

வெர்னா எஞ்சினை அணைக்கவில்லை. கண்ணை கிளைட்மேலிருந்து எடுக்கவும் இல்லை.

"எல்லாத்தையும் எடுத்துட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன்."