கையில் கொடுக்காத கத்தி

போன சனிக்கிழமை காலை பதினொரு மணி சுமாருக்கு, நான் ஒரு கத்தியைக் கீழே வைத்தேன்.

அவ்வளவுதான் நான் செய்த தப்பு. வைத்தேன். ஐந்து நாளாகிறது... அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. ‘ப்ளக்’ என்று ஒரு சின்னச் சத்தம்.

வாராவாரம் இந்தப் பத்தியில் ரேஷன் கடை, தண்ணீர் லாரி, வீட்டுக்காரரின் குறட்டை என்று எழுதுகிறவள், இந்த வாரம் கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாளே என்று பார்க்காதீர்கள். வேறு எதையும் எழுத வரவில்லை. இரண்டு முறை உட்கார்ந்து பார்த்தேன்.

என் மகள் ஜெனி விலங்கியல் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். எண்ணூர் கழிமுகத்தில் நண்டும் இறாலும் எப்படிப் பிழைத்திருக்கின்றன என்று பார்ப்பதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். நாலு சனிக்கிழமை படகில் போய் சேறும் தண்ணீரும் பாட்டிலில் பிடித்து வரவேண்டும். கொண்டுபோக வேண்டிய சாமான்களுக்கு ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். தொப்பி, விசில், கயிறு, ரப்பர் செருப்பு... கடைசி வரியில், ‘பல வேலைக்கும் ஆகிற நல்ல கத்தி ஒன்று.’

“கத்தி எதுக்குடி?”

“கயிறு வெட்ட, சிப்பி சுரண்ட, பையைக் கிழிக்க... எதுக்கும் இருக்கட்டும்னு போட்டிருக்காங்க.”

“கையை வெட்டிக்கிட்டா?”

“மா... எனக்கு இருபது வயசு.”

இருபது வயசு! நாற்பத்தெட்டு வயசில் நான் இன்னும் பீட்ரூட்டோடு சேர்த்து விரலை நறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

சரி, வாங்குவதென்று முடிவானால் நல்லதாக வாங்க வேண்டாமா? முதலில் வண்ணாரப்பேட்டையில் ஒரு பாத்திரக் கடை. காய் நறுக்குகிற கத்திகளாக எடுத்துப் போட்டார்கள். ‘வெளியில எடுத்துட்டுப் போற மாதிரி’ என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ராயபுரத்திலிருந்து ஒரு பெண்மணி வந்து வெளியே எடுத்துப் போகக் கத்தி கேட்டால் வேறு எப்படிப் பார்ப்பார்? சினிமாக்காரர்கள் எங்கள் ஏரியாவுக்குச் சம்பாதித்துக் கொடுத்த ரவுடிப் பெயர் அது.

கடைசியில் பர்மா பஜாரில்தான் கிடைத்தது. சிவப்புக் கைப்பிடி, பளபளவென்று, மடக்குக் கத்தி. உள்ளங்கையில் அடங்கியது.

“இத்தப் பாருக்கா. ஒரே கத்தி, பதினோரு வேலை. டின்னு தொறக்கும், பாட்டிலு தொறக்கும், நகம் வெட்டும், ஸ்க்ரூ கழட்டும்... பல்லு குத்தறதுக்குக்கூட தனியா ஒண்ணு கீது.”

“வெட்டுமா?”

“இன்னாக்கா இப்டி கேட்டுட்டே? கத்தி வெட்டாம, பாடுமா?”

சொல்லிவிட்டு, கத்தியைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன். அவர் கையில் கொடுக்கவில்லை, நானும் கை நீட்டவில்லை. இது இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம். கத்தி, உப்பு, மிளகாய்... கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும். நான் ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள்தான். ஆனாலும் அரிவாள்மனையைக்கூடத் தரையில் வைத்துத்தான் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தள்ளுவேன். யோசித்துச் செய்வதல்ல, கை தானாகச் செய்வது.

வீட்டுக்கு வந்து மேஜை மேல் வைத்தேன். ஜெனி எடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, “சூப்பர்மா” என்றாள். அப்புறம் நான் அதை வாங்கி... அதாவது, அவள் மேஜையில் வைத்ததும் எடுத்து, என் ஹேண்ட்பேக்கில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். பஸ்ஸில் அவள் பையில் திறந்துகொண்டால்?

ஆமாம், நானும் போனேன். கூடப் போகவேண்டிய தோழிக்கு அம்மை போட்டிருந்தது. தனியாக அனுப்புவேனா? டெலிபோன் ஆபீசில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

“ப்ராஜெக்டுக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போனவ காலேஜ்லயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்” என்று எண்ணூர் வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

படகுக்காரர் பெயர் தேசப்பன். ஐம்பத்தைந்து வயசிருக்கும். ஃபைபர் படகு. என்னைப் பார்த்ததும், “யக்கா, நீயும் காலேஜா?” என்றார். ஜெனி முதல் தடவையாக அன்றைக்குச் சிரித்தாள்.

பின்பக்கப் பலகையில் ஒரு ஆணி. அதில் கயிற்றோடு ஒரு கத்தி தொங்கியது. கறுத்துப்போய், ஓரங்களில் துரு. கைப்பிடி முழுக்க வலை நூலைச் சுற்றியிருந்தார். ‘ஐயோ, இது கீறினாலே டெட்டனஸ் ஊசி போடணுமே’ என்று நினைத்தேன். மடியில் இருந்த ஹேண்ட்பேக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பெருமையாகத்தான் இருந்தது.

லைஃப் ஜாக்கெட்டா? பட்டியலில் இல்லை. நீச்சல்? கடலுக்கு எதிரே மூன்று தலைமுறையாக இருக்கிறோம்... எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டு இடங்களில் சேறு எடுத்தாயிற்று. மூன்றாவது இடம், அனல் மின் நிலையத்துக் குழாய்கள் தெரிகிற பக்கம், ஒரு மேட்டை ஒட்டி. தேசப்பன் மோட்டாரை நிறுத்தி, மூங்கிலை ஊன்றி ஆழம் பார்த்தார்.

“இடுப்பளவுதான். எறங்கு பாப்பா. ஏத்தம் வந்துகினு கீது, சட்டுனு முடி.”

ஏத்தம் என்றால் கடல் தண்ணீர் உள்ளே ஏறி வருகிற நேரம். ஐந்து நிமிஷ வேலைக்கு நங்கூரம் எதற்கு என்று போடவில்லை. மூங்கிலை ஊன்றிப் படகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெனி இறங்கினாள். ஒரு பாட்டில் நிரப்பி என்னிடம் கொடுத்தாள். இரண்டாவது பாட்டிலுக்கு ஓர் அடி தள்ளிப் போனாள்.

“அம்மா, கால் மாட்டிக்கிச்சு.”

பஸ்ஸில் துப்பட்டா மாட்டிக்கொண்டதுபோல, அவ்வளவு சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“உதறுடி.”

உதறினாள். முகம் மாறியது. “இழுக்க இழுக்க இறுகுதும்மா. ஏதோ வலை.”

சேற்றுக்குள் யாரோ விட்டுப்போன பழைய நைலான் வலை. ஒரு காலை இழுக்க, மறு கால் சேற்றில் இறங்கியது. இடுப்பில் இருந்த தண்ணீர் வயிற்றுக்கு வந்தது. இன்னொரு இழுப்பு, நெஞ்சுக்கு வந்தது.

“இழுக்காத பாப்பா! ஆடாத நில்லு!” தேசப்பன் குரல் மாறிவிட்டது.

“நீங்க இறங்குங்களேன்!” என்று கத்தினேன்.

“நான் மூங்கில வுட்டா போட்டு அவ மேல ஏறிடும்கா! கத்திய எட்து பாப்பா கைல குடு! கத்தி!”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வருகிற தண்ணீர் முழுக்கப் படகை அவள் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு மூங்கிலைப் பிடித்திருப்பதால்தான் படகு நிற்கிறது. அவர் விட்டால், நகர முடியாத என் மகள் அதற்கு அடியில். அவர் இறங்க முடியாது. இருப்பது நான் ஒருத்திதான்.

அவர் சொன்ன கத்தி அவருடையது. எனக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. நான் ஹேண்ட்பேக்கைத் திறந்தேன்.

ஜிப், கைக்குட்டை, ஜெபமாலை, மாத்திரை டப்பா... கத்தி. நகத்தை விட்டு இழுத்துத் திறக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கிற கையில் நகம் ஏது? முதலில் வந்தது கத்தரிக்கோல். அடுத்து ஸ்க்ரூ டிரைவர். அப்புறம் சுருள் கம்பி ஒன்று... பதினோரு வேலை செய்கிற கத்தியில், வெட்டுகிற வேலை எங்கே இருக்கிறதென்று தேடிக்கொண்டிருந்தேன். பல்லால் கடித்து இழுத்தேன். வந்துவிட்டது.

“அம்மா!”

கையை நீட்டினாள். ஐந்து விரலும் விரிந்திருந்தன. என் கைக்கும் அவள் கைக்கும் நடுவில் ஒரு சாண் தூரம்தான்.

அந்த ஒரு சாணில் என் கை இறங்கியது. கத்தியைப் படகின் விளிம்பில் வைத்தேன். “எடுத்துக்கோ” என்றுகூடச் சொன்னேன்.

ப்ளக். வழுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டது.

ஜெனி என்னைப் பார்த்தாள். பயம் இல்லை, கோபம் இல்லை. ஒன்றும் புரியாத பார்வை அது. அதைத்தான் ஐந்து நாளாக மறக்க முடியவில்லை.

“பின்னாடி கீதுக்கா! ஆணில! என்னுது! கைல குடு... கைல!”

பின்னால் பாய்ந்தேன். முழங்கால் பலகையில் மோதியது. துருப்பிடித்த அந்தக் கத்தி ஆணியை விட்டு ஒரே இழுப்பில் வந்தது. திறக்க ஒன்றுமில்லை, தேட ஒன்றுமில்லை. ஈரக் கையில் வலை நூல் சொரசொரவென்று ஒட்டியது. விளிம்பில் குப்புறப் படுத்து, கைப்பிடி அவள் பக்கமாக, அவள் உள்ளங்கைக்குள் அழுத்தினேன். அவள் விரல்களை என் விரல்களால் மூடினேன். அவள் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். மூச்சை இழுத்தாள். தலை உள்ளே போய்விட்டது.

எத்தனை நேரம்? தெரியாது. டெலிபோன் ஆபீசில் ட்ரங்க் கால் மூன்று நிமிஷம் முடிந்ததும் லைனில் குறுக்கிட்டுச் சொல்கிறவள் நான். நேரம் எனக்குத் தெரியாமல் இருந்ததில்லை. அன்றைக்குத் தெரியவில்லை. பழுப்புத் தண்ணீரில் அவள் தொப்பி மட்டும் மிதந்து விலகிப் போனது.

தலை வெளியே வந்தது. மூச்சு வாங்கிவிட்டு மறுபடி உள்ளே போனாள். மறுபடி வந்தாள்.

“வந்துடுச்சும்மா!”

அவள் சட்டையைப் பிடித்தேன், தலைமுடியைப் பிடித்தேன், எது கிடைத்ததோ பிடித்தேன். படகுக்குள் இழுத்துப் போட்டதும் இரண்டு பேரும் சேற்றோடு சேறாகக் கிடந்தோம். கணுக்காலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். அதில் இன்னும் ஒரு முழம் நீல வலை தொங்கியது.

தேசப்பன் மூங்கிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். பீடியைப் பற்றவைக்க மூன்று குச்சி ஆயிற்று. அப்புறம் கேட்டார்.

“யக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. அந்த செவப்புக் கத்திய ஏன் அங்க வெச்சே?”

“கையில குடுத்தா... சண்டை வரும்னு...”

அவர் என்னையே பார்த்தார். “எங்கூட்லயும் அப்டித்தான் வெப்பாங்கோ. அத்தொட்டுதான் போட்ல கயிறு கட்டி மாட்டிக்கீறேன். கரையில கதை வேற, தண்ணில வேற. சண்ட வந்தா பேசித் தீத்துக்கலாம்கா. தண்ணிகிட்ட இன்னா பேசுவே?”

கரையில் இறங்கும்போது அந்தக் கத்தியை எனக்குத் தருவீர்களா என்று கேட்டேன்.

“அய்ய, அத்த வுட மாட்டேன். சாத்தாங்காட்டாண்ட பட்டறைல சொன்னா அடிச்சுத் தருவான். பழைய ரம்பத் தகடு போடச் சொல்லு.”

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன்—ப்ராஜெக்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஜெனி பதில் பேசவில்லை. கணுக்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டே, பிடித்துவந்த பாட்டில்களில் ஒவ்வொன்றாகச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது இடத்துப் பாட்டில், அவள் கொடுத்த அந்த ஒன்று, எப்படியோ தப்பித்து வந்திருந்தது. அதற்கும் ஒட்டினாள். இன்னும் மூன்று சனிக்கிழமை பாக்கி. அந்த மௌனத்துக்கு நான் பயந்தேன். கத்தினால்கூடத் தேவலை என்றிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் விட்டதும் சாத்தாங்காடு போனேன். இரும்பு மார்க்கெட்டில் லாரிகளுக்கு நடுவே விசாரித்து, பட்டறையைக் கண்டுபிடித்தேன். நாலு கத்தியைப் பலகையில் போட்டார்கள். இந்த முறை எது பளபளக்கிறது என்று பார்க்கவில்லை. ‘கொஞ்சம் தண்ணி குடுங்க’ என்றேன். குடிக்க என்று நினைத்து டம்ளரில் கொடுத்தார்கள். அதில் இரண்டு கையையும் நனைத்துக்கொண்டு, ஒவ்வொரு கத்தியாகப் பிடித்துப் பார்த்தேன். வழுக்கியதைத் தள்ளி வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். கூர் எந்தப் பக்கம் என்று கைக்கே தெரிய வேண்டும் இல்லையா? பட்டறைக்காரர் தன் கூட்டாளியைப் பார்த்தார். பார்க்கட்டுமே! பல வேலைக்கும் ஆகிற கத்தி என்றால், பல கத்தி இருக்கிற கத்தி என்று நினைத்திருந்தேன். அதனிடம் கேட்பது ஒன்றுதான்—ஈரத்தில், இருட்டில், பயத்தில், நடுங்குகிற கையிலும் வெட்ட வேண்டும். பாட்டிலை வீட்டில் திறந்துகொள்ளலாம்.

கடைசியில் எடுத்தது ரம்பத் தகட்டில் அடித்த கத்தி. கைப்பிடியில் ஓட்டை போடச் சொல்லி, தேசப்பன் கத்தியைப் போலவே வலை நூல் சுற்றிக் கயிறு கட்டி வாங்கினேன். ரெக்ஸினில் ஒரு உறையும்.

இன்று காலை ஜெனி காபி குடித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்றேன். “கையை நீட்டு” என்றேன்.

நீட்டினாள். மேஜை பக்கத்தில்தான் இருந்தது. என் கை பழைய ஞாபகத்தில் ஒரு நொடி அந்தப் பக்கம் போகப் பார்த்தது. விடவில்லை. அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். அவள் கத்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அப்ப... சனிக்கிழமை போகலாமா?”

“போகலாம். நானும் வரேன்.”

“நீ எதுக்கு? என் ஃப்ரெண்டுக்கு அம்மை சரியாயிடுச்சு, அவ வரா.”

“அதெல்லாம் முடியாது. வருவேன்.”

“வரக் கூடாது!”

“வருவேன்டி!”

அரை மணி நேரம்... அப்படி ஒரு சண்டை. மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கதவை அறைந்து சாத்திவிட்டுக் காலேஜுக்குப் போயிருக்கிறாள். அவள் செருப்புச் சத்தம் தெரு முனை வரை கேட்டது.

கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று பெரியவர்கள் சொன்னது நிஜம்தான். சண்டை போட ஆள் வேண்டும், அவ்வளவுதான்... இருக்கிறாள்!