இரண்டு வெற்று அடைப்புக்குறிகள்

சிவப்பு எழுத்து என்றால் எங்கள் முதலாளிக்கு ஆகாது. மதுரை கே.கே. நகரில் ஒரு மாடியில் நாலு மேசை போட்டு, கிளினிக்குகளுக்கும் லேப்களுக்கும் சாஃப்ட்வேர் எழுதித் தரும் கம்பெனி அது. நான் அங்கே புரோகிராமர். எங்கே போய்ப் புது சாஃப்ட்வேர் போட்டாலும் முதலில் பூஜை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், கீபோர்டு பக்கத்தில் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டியதும் முதல் ரிப்போர்ட் அச்சாகி வர வேண்டும்.

ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் கற்பூரம் எரியும்போதே திரையில் சிவப்பாகப் பிழைச் செய்தி வந்துவிட்டது. லேப்காரர் முகம் சுண்டிப்போனது. அபசகுனம் என்று அவர் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். படியிறங்கும்போது முதலாளி சொன்னார்: "மாப்ள, இனி செவப்பு எழுத்தே வரக் கூடாது. என்ன ஆனாலும் பேப்பர் வரணும்."

நான் புரோகிராம் எழுதிய கம்ப்யூட்டர் மொழி அப்படியொன்றும் ஏமாளி இல்லை. ரத்தம் சோதிக்கும் மெஷினிலிருந்து அளவு வராமல் போனால் என்ன செய்வாய் என்று கேட்கும். பதில் எழுதாமல் மேலே போக விடாது. நானும் எழுதினேன். இரண்டு அடைப்புக்குறி, நடுவில் ஒன்றுமில்லை. மொழி அதோடு வாயை மூடிக்கொண்டது. பிழை வந்தாலும் புரோகிராம் அதை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போகும். ஆபீசில் எல்லாரும் இதைத்தான் செய்தோம், அமுக்கிவிடுவது என்று அதற்குப் பெயர். இப்போது நான் எழுதும் மொழியில், அளவு கிடைத்ததா இல்லையா என்று பிரித்துப் பார்க்காமல் அதைத் தொடவே முடியாது. அதிலும் 'இருக்கும், எடு' என்று அதட்டி வாங்க ஒரு குறுக்குவழி உண்டு. பக்கத்து மேசைக்காரர் தினமும் அதைத்தான் எழுதுகிறார். மொழியைக் குறை சொல்லி என்ன செய்ய.

பூஜை முடிந்த சில மாதத்தில், பேரையூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் நிறைமாத மனைவியை அந்த லேபுக்குக் கூட்டி வந்தார். அந்தப் பெண்ணின் ரத்தத்தைச் சோதிக்கும்போது மெஷினின் வயர் கழன்றிருந்தது. அளவு கம்ப்யூட்டருக்கு வரவேயில்லை. புரோகிராமில் தங்கியிருந்த, அவளுக்கு முன்னால் வந்தவரின் அளவு அப்படியே அவள் பெயரில் அச்சாகிவிட்டது. ரத்தம் போதுமான அளவு இருக்கிறது என்றது பேப்பர். பிரசவத்துக்குப் போன இடத்தில் டாக்டரம்மா கண்ணிமையை இறக்கிப் பார்த்து, பேப்பரை நம்பாமல் மறுபடி சோதித்தார். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. அவசரமாக ரத்தம் ஏற்றி, தாயையும் பிள்ளையையும் எப்படியோ காப்பாற்றினார்கள்.

விஷயம் தெரிந்ததும் லேப்காரர் முதலாளியையும் என்னையும் கூப்பிட்டார். வயரை மாட்டி, அளவு வராவிட்டால் பேப்பர் வராதபடி அந்த அடைப்புக்குறிகளை நிரப்பிவிட்டு நிமிர்ந்தேன். அந்தப் பேப்பரோடு பெண்ணின் கணவர் உள்ளே வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"தெரியலன்னு ஒரு வார்த்த போட்டிருந்தா வேற எடத்துல பாத்திருப்போம்ல சார்" என்றார்.

முதலாளி முந்திக்கொண்டு, மெஷின் கோளாறு, இந்தத் தம்பிதான் வந்து சரிபண்ணியிருக்கிறார் என்று கூசாமல் என்னைக் காட்டினார். அவர்மேல் வந்த அருவருப்பைவிட என்மேல் வந்தது அதிகம். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எனக்கு வேண்டிய மட்டும் நேரம் இருந்தது.

கணவர் என் பக்கம் திரும்பினார். "நல்லா இருப்பீக சார். இனி வாரவகளுக்காச்சும் சரியா வரட்டும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.