கல்பனாவுக்கு வந்த மஞ்சள் தொப்பி

கார்வேட்டிநகரத்துக் கல்பனாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆந்திராவில், ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் காருக்கு வயர்க்கட்டு செய்யும் கம்பெனியில் எங்களுக்கு வேலை. பலகையில் வயர்களைப் படுக்கவைத்து, முனைகளைச் செருகி, கறுப்பு டேப் சுற்றி அனுப்ப வேண்டும். கல்பனா டேப் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வாய் ஒரு பக்கம் ஓடும், கை ஒரு பக்கம் ஓடும். மாமியார் கோழிக்குழம்பை ஒளித்துவைத்த கதையை அவள் ஆரம்பித்தால் போதும், நாங்கள் சிரிக்கிற சிரிப்பில் பாதி ஷிப்ட் போனதே தெரியாது.

எங்கள் மூன்றாவது லைனில் யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு பழக்கம் உண்டு. தன் பலகையை முடித்தவள் சும்மா இருக்கமாட்டாள். பக்கத்துப் பலகைக்குக் கையை நீட்டிவிடுவாள். பாலசமுத்திரத்துக் கன்னிகாவுக்குக் கை மெதுவு. இடுப்புவலி வந்த நாளில் உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. அன்றெல்லாம் அவள் பலகையில் பாதி கல்பனாவின் வேலைதான். கம்பெனி சட்டப்படி இது தப்பு. ஒரு பலகைக்கு ஒருத்தி, அவள் பெயரில் ஸ்டிக்கர், அவளே பொறுப்பு. மாட்டினால் வேலை போய்விடும். அதனால் மேலே இருப்பவர்கள் கண்ணில் படாமல் செய்தோம். எங்கள் லைன் எப்போதும் டார்கெட்டைத் தாண்டியதற்கு அதுதான் காரணம் என்று எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

கல்பனாவுக்கு ஓர் ஆசை இருந்தது. மேலே இருப்பவர்கள் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஏழு வருஷமாக அவர்களுக்கு அவள் "லைன் மூணு, டேப்பிங்" தான். புத்தூரிலிருந்து கம்பெனி பஸ் ஏறும்போதெல்லாம் இதைச் சொல்லிக் குறைபட்டுக்கொள்வாள்.

அப்போதுதான் நாகபூஷணம் புது மேனேஜராக வந்தார். கெட்டவர் இல்லை, ஆனால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கோடு போட்டுப் பார்க்கிற ஆள். எந்த லைன் முந்துகிறது, அதில் யார் முந்துகிறாள் என்று பார்த்தார். கல்பனா கிடைத்தாள். எல்லோரையும் கூட்டி, அவள் பெயரைச் சொல்லி, கைதட்ட வைத்து, லீடர் போடும் மஞ்சள் தொப்பியைக் கொடுத்தார். கல்பனா அழுதுவிட்டாள். நானும்தான் அழுதேன். அடுத்த வாரமே பின்தங்கிக் கிடந்த ஐந்தாவது லைனுக்கு அவளைத் தூக்கிப் போட்டார். ஓடுகிற வண்டியின் சக்கரத்தைக் கழற்றி ஓடாத வண்டிக்கு மாட்டினால் இரண்டுமே நின்றுவிடும் என்று அந்தப் படித்த மகராசனுக்கு ஏன் தோன்றவில்லையோ!

மஞ்சள் தொப்பிக்கு ஆயிரம் சட்டம். பலகையைத் தொடக்கூடாது. உட்காரக்கூடாது. சாப்பாடு லீடர்கள் மேஜையில். மற்றவர்கள் மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும். ஐந்தாவது லைன் பெண்கள் அவரவர் எண்ணிக்கையை அவரவர் காத்துக்கொள்கிறவர்கள். பக்கத்துப் பலகைக்குக் கை கொடுங்கள் என்று கல்பனா ரகசியமாகச் சொன்னபோது, நம்மை மாட்டிவிடப் பார்க்கிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாகபூஷணம் சுவரெல்லாம் ஊக்க வாசகம் ஒட்டினார், ஸ்வீட் பாக்கெட் கொடுத்தார். ஸ்வீட்டைத் தின்றோம், வேலை ஏறவில்லை. எங்கள் லைனும் இறங்கியது. அவள் பேச்சு இல்லாத இடத்தில் கை எப்படி ஓடும்?

இரண்டு லைனுக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் நின்றுகொண்டு கல்பனா எங்களையே பார்ப்பாள். நாங்கள் எதற்காவது சிரித்தால் அவள் முகம் வாடுவது இங்கிருந்தே தெரியும். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு யார் என்ன குழம்பு கொண்டுவந்தார்கள், என்ன பேசினீர்கள், கன்னிகாவுக்கு வலி எப்படி இருக்கிறது என்று துருவித் துருவிக் கேட்பாள். ஒரு நாள் நாகலாபுரம் தாண்டும்போது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு இன்னா கொற சொல்லு மோகனா. சம்பளம் ஏறிச்சி, பேரு சொல்லிக் கூப்புட்றாங்க. ஆனா உங்க கூட ஒக்காந்துக்கினு டேப்பு சுத்துனதுதான் கண்ணுலயே நிக்குது. எனக்கு என் எடம் வோணும்."

மறுநாளே நாகபூஷணத்திடம் போய்த் தொப்பியைத் திருப்பி நீட்டினாள். சம்பளம் போதவில்லையாக்கும் என்று நினைத்து, இன்னும் கூட்டித் தருகிறேன் என்றாராம். இவள் அசையவில்லை. கீழே இறங்கினால் மறுபடி ஏற முடியாது என்று தெலுங்கில் எச்சரித்திருக்கிறார். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

அவள் மறுபடி எங்களிடமே வருகிறாள் என்ற செய்தி லைனுக்கு வந்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மற்றவர்களுக்கு அப்படி இல்லை.

"யாராவது தானா கீழ எறங்குவாங்களா?" என்றாள் கன்னிகா. "யாரு வேலைய யாரு செய்றாங்கன்னு பாக்க அவள அனுப்பிச்சிகீறாங்க."

நான் பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன், சத்தியம் செய்தேன், கத்தியும் பார்த்தேன். எங்கள் கம்பெனியில் மஞ்சள் தொப்பியைத் திருப்பிக் கொடுத்தவள் அதுவரை ஒருத்தியும் இல்லை. அதனால் யாரும் நம்பவில்லை.

கல்பனா பழையபடி எங்களைப் போல நீலத் தொப்பி போட்டுக்கொண்டு கிட்டத்தட்ட ஓடி வந்தாள். தன் இடத்தில் உட்கார்ந்து டேப்பை எடுத்ததும் முகமெல்லாம் சிரிப்பு. மாமியார் கதையை ஆரம்பித்தாள். என்னைத் தவிர யாரும் வாய் திறந்து சிரிக்கவில்லை. அன்றைக்குக் கன்னிகாவுக்கு இடுப்புவலி. உதட்டைக் கடித்துக்கொண்டு வேலை செய்தாள். கல்பனா தன் பலகையை முடித்ததும் அந்தப் பக்கம் கையை நீட்டினாள். கன்னிகா பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வாணாம் மேடம். நானே முடிச்சிக்கிறேன்."

நீட்டிய கையை எங்கே வைப்பது என்று கல்பனாவுக்குத் தெரியவில்லை. டேப் உருளையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். எனக்குக் கன்னிகாவை அறையலாம் போல இருந்தது. அவள் பயமும் எனக்குப் புரிந்தது. அதனால் கோபத்தை யார்மேல் காட்டுவதென்றே தெரியவில்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு உட்காருகிற பெஞ்சு எங்களுடையது. கல்பனா டிபன் பாக்ஸோடு வருவதைப் பார்த்ததும் எல்லோரும் மரியாதையாக ஒதுங்கினார்கள். பாதி பெஞ்சு காலியானது. அவள் அதன் நடுவில் தனியாக உட்கார்ந்தாள்.

"கிட்ட வாங்கடி," என்றாள். "எனக்கு இவ்ளோ எடம் வாணாம்."

நான் போய் அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் இன்னொரு பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டு நேரம் முடிகிறவரை அங்கே யாரும் வரவில்லை.