இன்குபேட்டருக்குக் கொண்டுபோன கோணி

பிள்ளையில்லாதவனுக்கு வயல் எதுக்கென்று பங்காளி எங்கள் வரப்பை வெட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. கும்பகோணம் ஆஸ்பத்திரியில், சூடு மாறாமல் வைக்கும் இன்குபேட்டர் என்ற பெட்டிக்குள், டெஸ்ட் டியூப் முறையில் உண்டாக்கிய எங்கள் கரு வளர்ந்துகொண்டிருந்தது.

ஊரில் கரண்ட் போனதும், ஆஸ்பத்திரியிலும் போயிருக்குமே என்று எனக்கு உயிரே போய்விட்டது. விதைநெல் முளைகட்டும்போது சூட்டுக்காக மூடும் கோணியையும் வைக்கோலையும் தூக்கிக்கொண்டு ஓடினேன், பெட்டியைப் போர்த்த!

"அண்ணே, அதுக்கு பேட்டரி இருக்கு. முதல்ல நீங்க மூச்சு விடுங்க" என்றது லேப் பொண்ணு. கூட வந்த மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். கோணி வாட்ச்மேனிடம் போனது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பொண்ணே எங்களை வரவழைத்துச் சொன்னது: "சூடெல்லாம் சரியாத்தான் இருந்துச்சுங்க. கருதான் வளரலை."

திரும்பும் பஸ்ஸில் மனைவி, வாட்ச்மேனிடம் திரும்ப வாங்கிய அந்தக் கோணியை மடியில் வைத்து, ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தாள்.