மொட்டை போட்ட பிறகும்

வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. நான் மேசைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் சாக்பீஸைத் தேடுகிறார் என்று நினைத்து என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து தேடினார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். வருடக்கணக்காகக் கேட்ட மணிதான் அது.

அதற்கு இரண்டு மாதத்துக்கு முன், 2009இல், நெல்லிக்குப்பம் சாலையில் என் கணவரின் வண்டியிலிருந்து விழுந்திருந்தேன். கரும்பு டிராக்டருக்கு ஒதுங்கும்போது வண்டி சறுக்கியது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்குப் பின்மண்டையில் அடி, கொஞ்ச நேரம் நினைவில்லை. கடலூரில் ஸ்கேன் (தலைக்குள் எடுக்கும் படம்) பார்த்தார்கள். எல்லாம் நார்மல், ஓய்வு எடுத்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் பிழைத்தால் மொட்டை போடுவதாக அவர் சாலையிலேயே குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டாராம். அடுத்த மாதமே போட்டார். பொங்கல் வைத்து உறவுக்கெல்லாம் சோறு போட்டோம். வந்தவர்கள் என் தலையைத் தொட்டுப் பார்த்து, "கண்டம் கழிஞ்சிடுச்சு" என்றார்கள். பந்தியின் சத்தத்தில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சிரித்தபடியே பரிமாறினேன்.

எங்கள் பக்கம் வேண்டுதலைச் செலுத்திவிட்டால் அதோடு முடிந்தது. பிறகும் உடம்புக்கு முடியவில்லை என்றால் சாமியைக் குறை சொன்னதாகிவிடும். ஒருமுறை கணவரிடம் வாய் திறந்து பார்த்தேன்.

"தலை என்னமோ போல இருக்கு மாமா."

"அப்படிச் சொல்லாத, சாமி குத்தம் ஆயிடும். ஸ்கேன்லயே ஒண்ணுமில்லன்னுட்டாங்க இல்ல?"

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. வண்டி ஓட்டியவர் அவர். நான் குணமாகியே தீரவேண்டும் அவருக்கு. அது புரிந்ததால் இன்னும் தனியாகிப் போனேன்.

லீவு போட்டேன். சாம்பாரில் உப்பு போட்டேனா என்பது நினைவிருக்காது. அழுகை வந்தால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தேன். அலை இரைச்சல் தாங்காமல் திரும்பிவிட்டேன். கடலூரில் பிறந்தவளுக்குக் கடலே ஆகாமல் போயிற்று. வீடு நிறைய ஆளிருந்தும் ஒருவரிடமும் சொல்ல முடியாத இந்த நிலை எதிரிக்கும் வரக்கூடாது.

கூட வேலை பார்க்கும் ஆசிரியை ஒருத்தி சிதம்பரத்தில் ஒரு மனநல மருத்துவரைச் சொன்னாள். தங்கையைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொன்னேன். "நானும் வரேன்" என்று அவரும் கிளம்பிவிட்டார். பஸ்ஸில் உண்மையைச் சொன்னேன். சிதம்பரத்தில் இறங்கி என்னோடு டாக்டரிடம் வந்தார்.

கன்கஷன் (அடியில் மூளை குலுங்கிப்போவது) ஸ்கேனில் தெரியாமலும் இருக்கும் என்றார் டாக்டரம்மா. அதன்பின் சிலருக்குப் பதற்றமும் டிப்ரஷனும் (விடாமல் அழுத்தும் மனச்சோர்வு) வரும், மெதுவாகத்தான் சரியாகும் என்றார்.

என் கணவர் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். தரையைப் பார்த்தபடி சொன்னார்: "சில மோட்டாரு மீட்டர் வச்சா நல்லாதான் காட்டும் மேடம். லோடு குடுத்து ஓட விட்டாதான் சூடாவும்."

"அதேதான்" என்றார் டாக்டர். நான் அங்கேயே அழுதேன்.

மாத்திரை உடனே கேட்கவில்லை. வாய் உலர்ந்தது, பகலெல்லாம் தூக்கம். இந்த மாத்திரை சாப்பிட நேர்ந்தால், நிறுத்திவிடலாம் என்று உங்களுக்கும் தோன்றும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

சில மாதம் கழித்துத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாணம். மேளச் சத்தத்தில் நான் சுவரைப் பிடித்து நின்றிருந்தேன். கணவருடைய பெரியப்பா வந்து, "என்னம்மா, எல்லாம் சரியாயிடுச்சு இல்ல?" என்றார். வழக்கமான சிரிப்பை வரவழைத்துக்கொண்டேன்.

"இல்ல பெரிப்பா, இன்னும் சரியாவல" என்றார் என் கணவர். "அவளால சத்தத்துல இருக்க முடியாது. நாங்க கெளம்புறோம்."

"மொட்டை போட்டியேப்பா?"

"உசுரு பொழைக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன். அதச் சாமி குடுத்துடுச்சு. மீதிக்கு நாளாவும்."

இது 2012. பள்ளிக்குப் போகிறேன். சில நாட்கள் எனக்கு மத்தியானத்தோடு முடிந்துவிடுகின்றன. தலை கனத்தால் யார் வந்திருந்தாலும் "முடியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுக்கிறேன். அவர் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார். உள்ளே நான் இப்போதும் தனிதான். வெளியே இருப்பவருக்கு அது தெரியும்.