பெயரில்லாத நீர்வண்டு

நீர்வண்டுகளை ஆராய்ந்தே ஓய்வு பெற்றவன் நான். திருவேற்காட்டை ஒட்டிய ஒரு குட்டையின் கரையில் செத்துக் கிடந்த பெண் வண்டு ஒன்று, எந்த நூலிலும் இல்லாத இனமாகத் தெரிந்தது. இனத்தைப் பிரித்துக் காட்டும் அடையாளங்கள் ஆணிடம்தான் தெளிவாக இருக்கும் என்பதால், அதை உறுதி செய்ய ஓர் ஆண் வண்டு வேண்டும். பிடிக்க அனுமதி கேட்டு வனத்துறை அலுவலகத்துக்கு விண்ணப்பித்தேன்.

எந்த இனம் என்று அலுவலகம் கேட்டது. பெயர் இல்லாததால்தான் பிடிக்கிறேன் என்று எழுதினேன். பெயர் இல்லாமல் அனுமதி இல்லை என்று பதில் வந்தது. விதிப்படி சரியான பதில்தான். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையே எழுதியிருப்பேன். கடைசியில், பெயர் கேட்ட இடத்தில் 'பெயரிடப்படாத இனம்' என்று நிரப்பினேன். உடனே அனுமதித்தார்கள்.

வலையோடு போனால், குட்டையில் மண் கொட்டி மட்டம் செய்திருந்தார்கள். அடுக்குமாடி வருகிறதாம்.

"இன்னா சார் தேடிகினு கீறீங்க?" என்றார் காவலாளி.

"வண்டு."

"வண்டா? ஊட்டாண்ட வா சார், ரேஷன் அரிசில எம்மாம் வேணும்?"

அந்த மழைக்காலம் முழுக்க அயப்பாக்கம் வரை ஒவ்வொரு குட்டையிலும் வலை போட்டேன். கிடைத்தவை எல்லாம் பெயருள்ள வண்டுகள்.