அம்மன்களின் தலைவி

டெல்லி துவாரகாவில் எங்கள் குடியிருப்பின் லிஃப்டில்தான் அவளைச் சந்தித்தேன். தமிழ்க் குடும்பத்துப் பெண். ஏழு வயதிருக்கும், முன்பல் இரண்டும் இல்லை. நவராத்திரி அஷ்டமியன்று ஒன்பது சின்னப் பெண்களை வீட்டுக்கு அழைத்து, கால் கழுவி, அம்மனாக வணங்கிப் பூரியும் அல்வாவும் தருவது டெல்லி வழக்கம். அன்று அவள் எட்டு அம்மன்களை மேய்த்துக்கொண்டு வந்தாள். லிஃப்ட் நிற்கும்போதெல்லாம் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவாள். கடைசியில் தன் தலையையும்.

"நாலாவது மாடியில பென்சில் பாக்ஸ் குடுத்தாங்க அங்கிள். அஞ்சாவதுல வெறும் வாழப்பழம்."

அடுத்து அவர்கள் போகவிருந்தது என் எதிர்வீட்டுக்கு. அந்தப் பஞ்சாபி அம்மாள் ரொம்ப ஆசாரம். கூட்டத்திலோ, புதிதாகக் குடிவந்த நைஜீரியக் குடும்பத்துப் பெண் தலைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநெடுவென்று நின்றாள்.

குரலைத் தாழ்த்தி, "உன் ஃப்ரெண்டையும் உள்ள விடுவாங்களாம்மா?" என்று கேட்டேன்.

அவள் முகம் வாடிவிட்டது. "எனக்கும் அந்த பயந்தான் அங்கிள்."

இந்த வயதிலேயே இதெல்லாம் புரிந்துவிட்டதே என்று எனக்கு மனம் கனத்தது.

"பத்து வயசு ஆயிட்டா அம்மனா சேத்துக்க மாட்டாங்க. இவளுக்கு எட்டுதான். ஆனா ஹைட்டப் பாருங்க!" என்றவள், தோழியின் தோளை அமுக்கி இந்தியில் ஏதோ அதட்டினாள். உயரமான அம்மன் உடனே முழங்காலை மடக்கிக்கொண்டு நின்றாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஒன்பது பெண்கள் சேராமல் காலையிலிருந்து தவித்த அம்மாள், "ஜல்தி, ஜல்தி" என்று முதலில் உள்ளே இழுத்துக்கொண்டது அந்த உயரமான அம்மனைத்தான்.

அரைமணி கழித்துத் தலைவி வாய் நிறைய அல்வாவோடு என் கதவைத் தட்டினாள். "வயசே கேக்கல அங்கிள்! நீங்களும் நானும் சும்மா பயந்துட்டோம்."

நான் பயந்தது எதற்கென்று அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.